லேசருக்கு எட்டாத கண்நோய்கள்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர் ஆன்றோர். மகவைக் ‘கண்ணே’ என அழைத்துத் தாலாட்டுவதும், கல்வியைக் கண்ணெனப் போற்றுவதும் தமிழர் வழக்கு. அத்தகைய கண்ணைப் பற்றி நம் கல்லூரியின் ஜூபிலி மலரில் ஒரு பாடம் எழுதுதல் பொருந்தும் என எண்ணினோம். தமிழ் கற்பிப்போர்க்கு வைத்திய நூலில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையை முதலிற் காண்பவர் வைத்தியர் அல்லர், வகுப்பாசிரியரே. ஆதலின் கண்ணைப் பற்றிய அறிவு எப்பாடம் கற்பிப்போர்க்கும் வேண்டுவதாகும்.

இக்காலத்தில் மடுல்சீமை மலைத்தோட்டங்களிலும் கைத்தொலைபேசி புகாத லயம் அரிது. அதன் வழியே வந்து சேரும் விளம்பரங்களுள் லேசர்க் கண்சிகிச்சை பற்றியனவும் உள. சில நிமிடங்களில் சிகிச்சை முடியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம் என அவை கூறுகின்றன. தக்கவர்க்கு அது மெய்யே. ஆயின் யார் தக்கவர் என்பதே வினா. சில ஆண்டுகளின் முன் நம் வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவனின் அன்னையார், கொழுந்தெடுத்து முடித்த கையோடு நம்மை நாடி வந்தார். “சேர், லேசர் புடிச்சா கண்ணாடியே வேணாமாமே, நெசமா? தோட்டை அடகு வச்சாவது செஞ்சிடுறேன்” என்றார். அம்மகனுக்கு ஆண்டுக்கு இரு முறை கண்ணாடி மாறியும் பார்வை தெளியவில்லை. அந்த அன்னையாருக்கு நாம் அன்று கூறியதையும், பின்னர் வைத்தியர் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் கற்றதையும் ஒழுங்குபடுத்தி ஈண்டுத் தருகின்றோம்.

கண்ணின் அமைப்பு

கண்ணை ஒரு வீடாகப் பாவித்து நோக்குவோம். வீட்டின் முன்புறத்தே ஒளி நுழையும் பளிங்குச் சாளரம் ஒன்று உண்டு. அதனை விழிவெண்படலம் என நம் விஞ்ஞான நூல்கள் வழங்கும். பெயரில் வெண்மை இருப்பினும் பொருளில் அது நிறமற்றது. அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். சாளரத்துக்குப் பின்னே கதிராளி என்னும் நிறத்திரை தொங்கும். அத்திரையின் நடுவேயுள்ள துளையே கண்மணி. அதற்கும் பின்னே வில்லை அமைந்துள்ளது. வீட்டின் பின்சுவரிற் பூசப்பட்டது போல விழித்திரை விரிந்துள்ளது. அதிற் படிந்த உருவத்தைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்லும். காண்பது கண்ணாயினும் கண்டதை உணர்வது மூளையே.

ஒளியை வளைத்துக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முன்சாளரமாகிய விழிவெண்படலத்துக்கு உரியது. எஞ்சிய பங்கு வில்லைக்கு உரியது. கண்கோளம் நீண்டுவிடின் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவியும், தொலைப்பொருள் மங்கும், இது குறும்பார்வை. கோளம் குறுகிவிடின் ஒளி விழித்திரையில் விழும்போதும் குவிந்து முடியாது, இது தூரப்பார்வை. சாளரத்தின் வளைவு ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையிற் குறைந்தும் இருப்பின் உருவம் இழுபட்டுத் தோன்றும், இது சிதறற்பார்வை. இம்மூன்றும் நோய் என்பதினும் அளவுப் பிழை என்றலே தகும். மூக்குக்கண்ணாடி இப்பிழையை வெளியில் நின்று திருத்துகின்றது.

லேசர் செய்வது யாது?

லேசர் ஒளியை முதன்முதல் ஆக்கிக் காட்டியது 1960 ஆம் ஆண்டில். கண்சிகிச்சைக்குப் பயன்படும் லேசரின் வரலாற்றிலே தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க பெயர் ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி சிறீனிவாசன் என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். 1981 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அந்நாட்டார் நன்றி கூறும் திருநாள் விருந்தில் எஞ்சிய வான்கோழி எச்சத்தை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்று, எக்சைமர் என்னும் புறஊதா லேசரை அதன்மேற் செலுத்தினார். சுற்றியிருந்த பகுதி கருகாமலே ஒளி பட்ட இடம் மட்டும் கூர்மையாக அகன்றிருக்கக் கண்டார். 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள அவ்வொளி திசுவைச் சுடுவதில்லை. அதன் மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கின்றது. ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் என்போர் அவருடன் இம்முயற்சியில் ஈடுபட்டோர். மூவருக்கும் 2013 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார்.

இவ்வொளியைக் கண்ணின் சாளரத்தைச் செதுக்கப் பயன்படுத்தலாம் என்பதை ஸ்டீபன் றொக்கல் என்னும் கண்வைத்தியர் 1983 இல் சிறீனிவாசனுடன் சேர்ந்து எடுத்துக் காட்டினார். 1990 ஆம் ஆண்டளவில் கிரேக்க நாட்டு வைத்தியர் பல்லிக்காரிஸ், சாளரத்தின் மேற்பரப்பை ஒரு மடலாகத் திறந்து, உள்ளே செதுக்கி, மடலை மீள மூடும் முறையைச் செய்து காட்டினார். அதுவே இன்று லாசிக் என வழங்குகின்றது. மடல் திறவாது மேற்பரப்பிலேயே செதுக்கும் முறையும், சிறு வெட்டின் வழியே உள்ளிருந்து ஒரு தகட்டை எடுக்கும் முறையும் உண்டு. முறை எதுவாயினும் நடப்பது ஒன்றே: முன்சாளரத்தின் வளைவு மாற்றப்படுகின்றது. வில்லையையோ விழித்திரையையோ பார்வை நரம்பையோ அச்சிகிச்சை தொடுவதில்லை. இதனை மனத்திற் கொண்டால் இனி வருவன யாவும் எளிதில் விளங்கும்.

சாளரத்தின் குறைகள்

*மெல்லிய சாளரம்.* செதுக்குவதற்கு மரம் போதிய தடிப்பு உடையதாய் இருத்தல் வேண்டும் என்பதைத் தச்சர் அறிவர். கண்ணுக்கும் அஃதே விதி. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் மைக்குரோமீற்றர் ஒரு மில்லிமீற்றர். ஒருவரின் விழிவெண்படலம் 500 மைக்குரோமீற்றர் தடிப்புடையது எனக் கொள்வோம். மடலுக்கு 110 போக எஞ்சுவது 390. குறும்பார்வையின் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 14 மைக்குரோமீற்றர் செதுக்கப்படும் எனின், ஐந்து அலகுக்கு 70 போய் 320 நிற்கும். பத்து அலகுக்கு 140 போய் 250 மட்டுமே நிற்கும். அடியில் 250 மைக்குரோமீற்றருக்குக் குறையாது எஞ்சுதல் வேண்டும் என்பது வைத்தியர் வகுத்த எல்லை. 300 எஞ்சுதல் நன்று என்பார் பலர். ஆகவே மிகக் கூடிய எண்ணுள்ள கண்ணாடி அணிபவர்க்கும், இயல்பாகவே மெல்லிய சாளரம் உடையார்க்கும் இச்சிகிச்சை மறுக்கப்படும். மறுக்கும் வைத்தியரை நோதல் தகாது. கண்ணைக் காத்தவர் அவரே.

*கூம்புவிழி.* சிலர்க்குப் பிள்ளைப் பருவம் நீங்கும் வயதில் விழிவெண்படலம் மெலிந்து, உட்புற அழுத்தத்தால் முன்னோக்கிக் கூம்புபோற் பிதுங்கும். கண்ணாடியின் எண் அடிக்கடி மாறும்; சிதறற்பார்வை ஏறும்; எந்தக் கண்ணாடியும் தெளிவு தராது. ஒவ்வாமையால் அரிப்பெடுத்த கண்ணை ஓயாது கசக்குவோரிடத்து இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. மெலிந்த சுவரை மேலும் செதுக்கினால் அது விரைந்து பிதுங்கும். ஆதலின் கூம்புவிழி உடையார்க்கு லாசிக் செய்தல் கேடு பயப்பதாகும்.

முன்னர்க் கூறிய மாணவனுக்கு இருந்தது இக்குறையே. அன்னையாரின் தோடு அடகுக் கடைக்குப் போகுமுன் அவன் பதுளை அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குச் சென்றான். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டுச் சாளரத்தின் வளைவைப் படமெடுத்தபோது கூம்பின் தொடக்கம் புலப்பட்டது. இதற்கெனத் தனிச் சிகிச்சை ஒன்று உண்டு. ரைபோபிளேவின் என்னும் பீ2 விற்றமினைக் கண்ணில் துளிதுளியாக இட்டுப் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, படலத்தின் இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைப்பர். ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் உருவான இம்முறை பற்றிய மருத்துவ அறிக்கை 2003 இல் வெளியாயிற்று. இது கூம்பைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கும். இழந்த தெளிவை முற்றும் மீட்டுத் தராது. எனவே காலந் தாழ்த்தாமை இங்கே இன்றியமையாதது. தெளிவுக்காக விறைப்பான தொடுவில்லை அணிவிப்பர். இளைஞர்க்குக் கண்ணாடி எண் ஆண்டுதோறும் ஏறுமாயின் ‘லேசர் செய்யலாமா?’ எனக் கேட்குமுன் ‘ஏன் ஏறுகின்றது?’ எனக் கேட்பது அறிவுடைமை.

*பூ விழுந்த கண்.* கருவிழியில் வெண்புள்ளி படர்வதைப் பூ விழுதல் என நம் மக்கள் கூறுவர். தோட்டங்களில் இதன் தோற்றம் பெரும்பாலும் ஒரு சிறு காயமே. கவ்வாத்து வெட்டும்போது தெறிக்கும் சிம்பு, மானாப்புல்லின் நுனி, விறகு பிளக்கையிற் பறக்கும் சிராய் ஆகியன சாளரத்தைக் கீறிவிடும். தாவரப் பொருளாற் கீறிய புண்ணில் பூஞ்சணம் பற்றுதல் எளிது. அவ்வேளையில் முலைப்பாலும் பச்சிலைச் சாறும் பிழிவதும், கடையில் கேட்டு வாங்கிய ஏதோ துளிமருந்தை இடுவதும் புண்ணை ஆழமாக்கும். சில துளிமருந்துகளில் உள்ள ஸ்டீரொயிட் என்னும் சரக்கு, சிவப்பை ஆற்றி நோயை வளர்க்கும். புண் ஆறினும் தழும்பு நிற்கும். ஆழ்ந்த தழும்பைப் பார்வை திருத்தும் லேசர் அகற்றாது. கண்ணிற் சிராய் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் ஒன்றே வழி.

தழும்பு கண்மணியை மறைத்துவிட்டால் பிறர் ஒருவரின் விழிவெண்படலத்தைப் பெற்றுப் பொருத்துவர். 1905 இல் எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர் இதனை மனிதரிடத்து முதன்முதல் வெற்றியுறச் செய்தார். இத்துறையில் நம் இலங்கை நாடு உலகுக்கே வழிகாட்டியது. கலாநிதி ஹட்சன் சில்வா மாணவப் பருவத்திலேயே கண்தானம் வேண்டிப் பத்திரிகையில் எழுதினார்; 1961 இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964 முதல் இங்கிருந்து பிறநாடுகளுக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. முதலிற் பெற்றது சிங்கப்பூர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இலங்கையர் விட்டுச் சென்ற சாளரங்கள் வழியே இன்று மக்கள் உலகைக் காண்கின்றனர். கண்களை ஈந்த சிவி மன்னனின் கதையைப் பௌத்தர் போற்றுவர். காளத்தியிலே தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரை நாம் போற்றுகின்றோம். உயிரோடிருக்கையில் கண்ணை இடக்க வேண்டுவதில்லை. மறைந்த பின் பயன்படுக என எழுதி வைத்தலே போதும். முழுக்கண்ணையும் மாற்றிப் பார்வை தரும் ஆற்றலை வைத்தியம் இன்னும் பெற்றிலது. மாற்றத்தக்கது சாளரம் மட்டுமே.

*உலர்கண்ணும் காலம் பார்க்க வேண்டுவனவும்.* கண்ணீர் குறைந்து கண் உலர்ந்து எரியும் நோயுடையார்க்கு லேசர்ச் சிகிச்சை அவ்வெரிவை மிகுவிக்கும். படலத்தின் உணர்நரம்புகள் சில அதனால் அறுபடுவதே காரணம். மூட்டுவாதம் போன்ற, உடல் தன்னைத் தானே தாக்கும் நோயுடையார்க்குப் புண் ஆறுதல் ஐயத்துக்கிடம். விழிவெண்படலத்தில் முன்னர் ஹேர்ப்பீஸ் புண் வந்தவர்க்கு அது மீளக் கிளம்பக்கூடும். கருவுற்ற தாயர்க்கும் பாலூட்டும் தாயர்க்கும் கண்ணின் அளவு தற்காலிகமாக மாறுதலுண்டு. அவர் பொறுத்திருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கும், கண்ணாடி எண் ஓராண்டேனும் நிலைத்து நில்லாதவர்க்கும் செய்யார்.

வில்லையின் குறைகள்

*வெள்ளெழுத்து.* நாற்பதைத் தாண்டியோர் பத்திரிகையைக் கை நீட்டிப் பிடிப்பர். எழுத்து வெளுத்துத் தோன்றுதலின் தமிழர் இதனை வெள்ளெழுத்து என்றனர். இளமையில் வில்லை நெகிழ்ந்து அண்மைப் பொருளுக்கேற்பத் தடித்துக்கொள்ளும். வயதாக ஆக அது விறைக்கும். குறை வில்லையில் இருக்க, சாளரத்தைச் செதுக்குவதால் அந்நெகிழ்ச்சி மீளாது. ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதை அண்மைக்கும் அமைக்கும் ஓர் உபாயத்தைச் சிலர்க்குச் செய்வதுண்டு. அது சமாளிப்பேயன்றித் தீர்வன்று. இளமையில் லேசர் செய்துகொண்டவரும் நாற்பதுக்கு மேல் வாசிக்கக் கண்ணாடி அணியவே நேரும்.

வெள்ளெழுத்து படித்தவரின் குறை மட்டும் எனக் கருதுதல் பிழை. அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆகிய 751 தொழிலாளரிடத்து நிகழ்ந்த ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. ஒரு பாதியினர்க்கு அண்மைப் பார்வைக் கண்ணாடி முன்னரே இலவசமாக அளிக்கப்பட்டது; மறுபாதியினர் ஆய்வு முடியும் வரை அதனைப் பெற்றிலர். கண்ணாடி அணிந்தோர் எடுத்த கொழுந்தின் நிறை, அணியாதோர் எடுத்ததினும் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பங்கு மிகுந்தது. ஐம்பதைக் கடந்தோரிடத்து இவ்வேறுபாடு இன்னும் பெரிதாயிற்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என விரைந்து தெரிந்து கிள்ளும் தொழிலுக்குக் கண் கூர்மை வேண்டும் என்பதை மடுல்சீமையிற் பிறந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நிறைக்கேற்பக் கூலி பெறும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடி அடுப்பெரிக்கும் பொருளாகும். ஆயினும் ‘கண்ணாடி போட்டுக் கொழுந்தெடுப்பதா?’ எனும் நாணம் நம் அன்னையரிடம் உண்டு. அந்நாணத்தைப் போக்குவது கற்ற மக்களின் கடன்.

*புரை.* வில்லை தன் தெளிவை இழந்து பால்போல் மங்குவது புரை. முதுமையே முதற் காரணம். நீரிழிவும், புகைத்தலும், மிகு வெயிலும் அதனை விரைவுபடுத்தும். புகைபோக்கி இல்லாத அடுப்பின் விறகுப் புகைக்கும் புரைக்கும் தொடர்புண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன. லயக் காம்பராவின் அடுப்படியை அறிந்தோர் இதனை எண்ணிப் பார்க்க. கண்ணின் சாளரத்தை எத்துணை செதுக்கினும் உள்ளே மங்கிய வில்லை தெளியாது. அவ்வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தலே சிகிச்சை. 1949 இல் இங்கிலாந்தில் ஹறோல்ட் றிட்லி என்பார் செயற்கை வில்லையை முதலிற் கண்ணுள் வைத்தார். போரிற் காயமுற்ற வானோட்டிகளின் கண்ணிற் பதிந்த விமானக் கண்ணாடித் துணுக்குகள் கண்ணை உறுத்தாதிருந்ததே அவர்க்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. மதுரையில் வைத்தியர் வெங்கடசாமி, வாதத்தால் விரல்கள் கோணியிருந்தும், அரச சேவையில் ஓய்வு பெற்ற பின் 1976 இல் பதினொரு கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விலையுயர்ந்த வில்லை ஏழைக்கு எட்டாதிருக்கக் கண்டு, 1992 இல் அதன் சார்பில் வில்லை செய்யும் ஆலையும் எழுந்தது. கண்ணொளி இழந்தோர்க்கு ஒளி தந்ததில் புரைச் சத்திரசிகிச்சைக்கு நிகரானது பிறிதில்லை. நம் நாட்டிலே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது நடைபெறுகின்றது. பாட்டிக்கு வயதாயிற்று, பார்வை போவது இயல்பு என இருந்துவிடுதல் நாம் செய்யத்தகாத ஒன்று.

நரம்பின் குறை

கண்ணினுள் ஊறும் நீர் வடியாது தேங்கினால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கும். இதனைக் கண்ணழுத்த நோய் என்பர். வலியின்றி, சிவப்பின்றி, பார்வையின் ஓரங்களிலிருந்து இருள் உட்புகும். நேர்ப்பார்வை இறுதிவரை நிற்றலின் நோயாளி அறியார். அழிந்த நரம்பை லேசரோ மருந்தோ மீட்டல் இயலாது. எஞ்சியதைக் காத்தல் இயலும். நாடோறும் இடும் துளிமருந்தே பலர்க்குப் போதும். பெற்றோர்க்கு இந்நோய் இருப்பின் மக்களும் உடன்பிறந்தாரும் நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தம் அளந்து பார்த்தல் வேண்டும்.

ஈண்டு மற்றொன்றும் நினைவிற் கொள்க. சாளரத்தைத் தள்ளிப் பார்த்தே அழுத்தத்தை அளப்பர். லேசராற் சாளரம் மெலிந்திருப்பின் அளவு உண்மையினும் குறைவாகக் காட்டும். ஆதலின் லேசர்ச் சிகிச்சை செய்துகொண்டவர், பின்னாளில் எந்தக் கண்வைத்தியரிடம் செல்லினும் அச்செய்தியைக் கூற மறத்தலாகாது.

விழித்திரையின் குறைகள்

நீரிழிவு நெடுங்காலம் நீடிப்பின் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசியும். புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கும். சாளரம் தெளிவாயிருந்தும் சுவர் சிதைந்த வீடாகக் கண் ஆகிவிடும். நீரிழிவு உடையார் பார்வை தெளிவாயிருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதித்தல் வேண்டும்.

மாலைக்கண் என ஒன்றாக வழங்குவது உண்மையில் இரண்டு. உணவில் ஏ விற்றமின் குறைதலால் வருவது ஒன்று. அது கீரையாலும் முட்டையாலும் வைத்தியர் தரும் மருந்தாலும் மாறும். குடிவழியாக வந்து விழித்திரையைச் சிறிது சிறிதாக அழிப்பது மற்றொன்று. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இது மிகுதி. நிறக்குருடும் குடிவழி வருவதே; ஆண்மக்களிடத்து மிகுதி. பின்னிரண்டும் சாளரத்தைச் சார்ந்தன அல்ல. ஆகவே பார்வை திருத்தும் லேசருக்கு எட்டா.

மிகுந்த குறும்பார்வை உடையார் ஒன்று அறிதல் நன்று. லேசர் சாளரத்தைத் திருத்தினும் நீண்ட கண்கோளம் நீண்டபடியே இருக்கும். இழுபட்ட விழித்திரை கிழிபடும் ஆபத்து அப்படியே நிற்கும். கண்முன் மின்னல் கீற்றோ, புகைக்கரிபோல் மிதக்கும் புள்ளிகளோ, ஒருபுறம் திரை இறங்கினாற் போன்ற நிழலோ தோன்றின் அன்றே வைத்தியரை நாடுக.

மூளை பழகாத கண்

ஒரு கண் மாறுகண்ணாயிருப்பினும், ஒரு கண்ணுக்கு மட்டும் பிழை மிகுந்திருப்பினும், மூளை தெளிந்த கண்ணின் செய்தியையே ஏற்று மற்றதைப் புறக்கணிக்கும். பயன்படாத கண் பார்க்கப் பழகாது போகும். இதனைச் சோம்பற்கண் என்பர். கண்ணின் உறுப்புகள் செவ்வையாயிருப்பினும் பார்வை மங்கும். கண்ணாடியும் லேசரும் அக்கண்ணைத் தெளிவிக்க இயலா. சிகிச்சையோ மிக எளிது: ஏற்ற கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பிய கண்ணை வேலை செய்யப் பண்ணுதல். ஏழு வயதுக்கு முன் தொடங்கின் பயன் பெரிது. ஆண்டு செல்லச் செல்லப் பயன் அருகும். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ எனக் கூறிக் காலம் போக்கும் பெற்றோர் பிள்ளையின் ஒரு கண்ணை இழப்பிக்கின்றனர்.

எல்லா லேசரும் ஒன்றல்ல

இவ்வளவும் வாசித்தோர், “நீரிழிவுக் கண்ணுக்கு லேசர் பிடித்தார்களே” என வினவலாம். லேசர் என்பது ஒரு கருவியின் பெயரன்று. ஓர் ஒளியினத்தின் பெயர். கத்தி என்பது கவ்வாத்துக் கத்தியையும் காய்கறிக் கத்தியையும் குறித்தல் போல. கசியும் விழித்திரைக் குழாய்களை அடக்க ஒரு லேசர் உண்டு. கண்ணழுத்தத்தில் நீர் வடிய வழி செய்ய ஒன்று உண்டு. புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வில்லையின் பையில் படரும் மங்கலை நீக்க ஒன்று உண்டு. இவை நோயைத் தடுப்பன. கண்ணாடியைக் கழற்றுவிப்பன அல்ல. வைத்தியர் லேசர் என்றால் ‘எந்த இடத்துக்கு, எதன்பொருட்டு?’ எனக் கேட்டறிதல் வேண்டும்.

வினவ வேண்டுவன

லேசர்ப் பார்வைத் திருத்தம் நாடுவோர் பணம் கட்டுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை பெறுக.

1. என் குறை சாளரத்திலா, வில்லையிலா, விழித்திரையிலா, நரம்பிலா?
2. சாளரத்தின் தடிப்பு எவ்வளவு? செதுக்கிய பின் எவ்வளவு எஞ்சும்?
3. வளைவுப் படத்திற் கூம்பின் அறிகுறி உண்டா?
4. கண்ணாடி எண் ஓராண்டாக நிலைத்துள்ளதா?
5. கண் உலர்வு, கண்ணழுத்தம், விழித்திரை மூன்றும் சோதிக்கப்பட்டனவா?

நம் கடமை

ஆசிரியராயுள்ள பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். முதலாம் வகுப்புப் பிள்ளையை ஒரு கண்ணை மூடி மறுகண்ணாற் பலகையைப் படிக்கச் செய்க. பின் கண் மாற்றுக. இரு கண்ணும் ஒருங்கே திறந்திருக்கையிற் சோம்பற்கண் வெளிப்படாது. தலையைச் சாய்த்துப் பார்ப்பவனையும், பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதுபவனையும் ‘மந்தன்’ என்னுமுன் அவன் கண்ணைச் சோதிப்பிக்க. தோட்டங்களில் உத்தியோகம் பார்க்கும் அன்பர்கள், கவ்வாத்துக் காலத்திற் காப்புக்கண்ணாடி வழங்கவும், நாற்பது கடந்த கொழுந்துக்காரருக்கு வாசிப்புக் கண்ணாடி கிடைக்கவும் வழி செய்யலாம். மடுல்சீமையிலிருந்து பசறை கடந்து பதுளைக்குச் சென்று மீள ஒரு நாட்கூலி போகும். அதனை அஞ்சியே பலர் கண்ணைப் போகவிடுகின்றனர். நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் கண்வைத்தியரை மலைக்கு அழைத்து வருமாயின் அக்கூலி மிஞ்சும், கண்ணும் மிஞ்சும்.

லேசர் அரிய கருவி. அதன் எல்லையைக் கூறுதல் அதனைக் குறைகூறுதல் ஆகாது. அவ்வன்னையாரின் தோடு இன்றும் அவர் காதில் உள்ளது. மகன் தொடுவில்லை அணிந்து உயர்தர வகுப்பு முடித்தான். இம்மலரை வாசிப்போர் தம் இல்லத்து முதியோரையும் இளையோரையும் இவ்வாண்டுக்குள் ஒரு முறையேனும் கண்வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்களாக.

வாழ்க நம் கல்லூரி!